ரெசல்யூஷனைத் தொடாதீர்கள், ஸ்கேலிங்கை மாற்றுங்கள்

புது லேப்டாப் வந்த வீட்டில் முதல் வாரமே எழும் குறை ஒன்று உண்டு. திரை பளிச்சென்று இருக்கிறது, படம் அழகாகத் தெரிகிறது, ஆனால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் உடனே செட்டிங்ஸைத் திறந்து, ரெசல்யூஷன் என்ற இடத்தில் 1920×1080 என்று இருப்பதை 1366×768 ஆக்கிவிடுகிறார். எழுத்து பெரிதாகிவிடுகிறது. எல்லோருக்கும் திருப்தி. காசு கொடுத்து வாங்கிய தெளிவில் பாதி அந்த நொடியே போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

பாதி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. 1920×1080 என்றால் திரையில் 20,73,600 பிக்சல்கள். 1366×768 என்றால் 10,49,088. கணக்குப் போட்டால் ஏறக்குறைய பாதிதான் வருகிறது.

அதே செட்டிங்ஸ் பக்கத்தில், ரெசல்யூஷனுக்கு நேர் மேலே, ஸ்கேல் என்று இன்னொரு வசதி இருக்கிறது. 100%, 125%, 150% என்று எண்கள் தெரியும். இரண்டு வழியிலும் எழுத்து பெரிதாகும். ஒரு வழி திரையைக் கெடுத்துப் பெரிதாக்கும். மற்றது கெடுக்காமல் பெரிதாக்கும். சிறிய லேப்டாப் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் மங்கலான திரையைப் பார்த்துக்கொண்டு, கோளாறு தங்கள் கண்ணில்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

எல்சிடி திரையில் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டவை. கிடைவாக்கில் 1920, நெடுவாக்கில் 1080 என்றால் அவ்வளவுதான். எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் அந்த எண்ணிக்கை கூடாது, குறையாது. ரெசல்யூஷனை 1366×768 ஆக்கும்போது திரையில் இருக்கும் பிக்சல்கள் மாறுவதில்லை. கம்ப்யூட்டர் வரையும் படம்தான் சிறிதாகிறது. அந்தச் சிறிய படத்தை 1920 பிக்சல் அகலத்துக்கு இழுத்து நிரப்ப வேண்டும். ஒரு பிக்சலுக்குரிய புள்ளி இப்போது ஏறக்குறைய 1.4 பிக்சலை அடைத்துக்கொள்ள வேண்டும். வாசலில் ஏற்கெனவே 21 புள்ளி வைத்திருக்கும்போது அதன்மேல் 15 புள்ளிக் கோலத்தை இழுத்துப் போட்டால் என்ன ஆகும்? கோடு புள்ளியில் உட்காராமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும். திரையிலும் அதுதான் நடக்கிறது. நடுவில் விழுந்த கோட்டை இரண்டு பக்கத்துப் பிக்சல்களுக்கும் சாம்பல் நிறமாகப் பங்கு போட்டுத் தருகிறது கம்ப்யூட்டர். கறுப்பாக, கூர்மையாக இருக்க வேண்டிய எழுத்தின் ஓரம் அங்கேதான் கரைகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பழைய குழாய் மானிட்டர்களில் எலக்ட்ரான் கற்றை கோடு கோடாக ஓடிப் படத்தை வரைந்தது. 800×600, 1024×768 என்று எதைக் கொடுத்தாலும் பெரிய சேதமில்லாமல் காட்டியது. எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பது அன்றைக்குச் சரியான வழிதான். எல்சிடி வந்த பிறகு அது பொருந்தாமல் போயிற்று. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

எழுத்து ஏன் பொடியாகத் தெரிகிறது என்பதற்கு, ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று பார்த்தால் போதும். 14 அங்குலத் திரையில் 1366×768 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 112 பிக்சல். அதே 14 அங்குலத்தில் 1920×1080 என்றால் 157. 13.3 அங்குலத்தில் 166. விண்டோஸ் தன் பழைய கணக்கில் ஓர் அங்குலத்தை 96 பிக்சல் என்று வைத்திருக்கிறது. ஸ்கேல் 100% என்பதன் பொருள் இந்த 96தான். ஆக, ஓர் அங்குல அகலம் என்று நினைத்து வரைந்த பட்டன், அங்குலத்துக்கு 157 பிக்சல் உள்ள திரையில் 0.61 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. ஸ்கேலை 125% ஆக்கினால் அது 0.76 அங்குலம்; 150% ஆக்கினால் 0.92.

முன்பு வைத்திருந்த 14 அங்குல 1366×768 லேப்டாப்பில் அதே பட்டன் 0.86 அங்குலம் இருந்தது. அந்தப் பழகிய அளவு அப்படியே வேண்டுமென்றால் புது லேப்டாப்பில் ஸ்கேலை 140% வைக்க வேண்டும். ரெசல்யூஷனை 1366×768 ஆகக் குறைத்தாலும் இதே அளவுதான் வரும் என்பதைக் கவனியுங்கள். எழுத்தின் அளவும் ஒன்றே, திரையில் கொள்ளும் விஷயத்தின் அளவும் ஒன்றே. வித்தியாசம் எழுத்தை வரையும் விதத்தில் இருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால் பத்து லட்சம் பிக்சலில் வரைந்து அதை இழுக்கிறது கம்ப்யூட்டர். ஸ்கேலைக் கூட்டினால் இருபது லட்சம் பிக்சலையும் பயன்படுத்தி, எழுத்தை அந்த அளவுக்கே புதிதாக வரைகிறது. நடைமுறையில் 140 என்று தனி எண் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிக் கொடுத்தால் கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். சில மென்பொருள்களும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. 125% அல்லது 150% வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கு இந்தத் தெளிவு ஆங்கிலம் படிப்பவர்களைவிட அதிகம் தேவை. 9 பாயின்ட் எழுத்து 100% ஸ்கேலில் 12 பிக்சல் உயரத்துக்குள் அடங்க வேண்டும். அந்த 12 பிக்சலுக்குள் மேலே போகும் கொக்கி, கீழே இறங்கும் வால், நடுவில் உடல் எல்லாம் வர வேண்டும். உடலுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. ஆங்கில 'ஓ' எழுத்துக்கு அது போதும். மூன்று சுழி ‘ண’ என்ன செய்யும்? ஒரு சுழி தெளிவாகத் தெரிய ஒரு கோடு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு கோடு என்று குறைந்தது மூன்று பிக்சலாவது வேண்டும். அது கிடைக்காதபோது சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன. ‘கி’க்கும் ‘கீ’க்கும் இடையே உள்ளது தலைக்கு மேல் ஒரு சின்னச் சுழிப்பு. ‘ல’வையும் ‘ல்’லையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி, 12 பிக்சல் எழுத்தில் அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒரு பிக்சல் அல்லது இரண்டு. ரெசல்யூஷனைக் குறைத்து இழுத்தால் அந்த ஒற்றைப் பிக்சல் சாம்பலாகி நாலு பக்கமும் கரைகிறது. மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்பவருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் இது சின்ன விஷயமே இல்லை.

அதே எழுத்து 150% ஸ்கேலில் 18 பிக்சல் உயரம் பெறுகிறது. 200% என்றால் 24. சுழிகள் திறக்கின்றன, புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐ எழுத்துரு இந்த அளவுகளில் நன்றாகவே இருக்கிறது. முந்தைய லதா எழுத்துருவில் எழுதிய பழைய கோப்புகளும் ஸ்கேலைக் கூட்டினால் ஓரளவு தேறிவிடும்.

இன்னொரு நுட்பமும் இதில் சேர்கிறது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று துண்டுகளால் ஆனது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அறிமுகமான கிளியர்டைப், அந்த மூன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி எழுத்தின் ஓரத்தை இன்னும் நுணுக்கமாகச் செதுக்குகிறது. திரை தன் சொந்த ரெசல்யூஷனில் இருந்தால்தான் இது வேலை செய்யும். ரெசல்யூஷனைக் குறைத்தால் செதுக்கல் வீணாகி எழுத்தோரத்தில் லேசான நிறக்கசிவுதான் மிஞ்சும்.

தெளிவு கூடும் என்பதால் இடமும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் சொல்ல மறந்துவிடும் பகுதி இது. 1920×1080 திரையில் 125% ஸ்கேல் வைத்தால், மென்பொருள்களின் பார்வையில் அந்தத் திரை 1536×864 அளவுதான். 150% வைத்தால் 1280×720. விண்டோஸ் 11இன் டாஸ்க்பார் 48ஐ எடுத்துக்கொள்ள, உயரத்தில் மிஞ்சுவது 672. பழைய 1366×768 லேப்டாப்பில் 100% ஸ்கேலில் இதே கணக்குக்கு 720 மிஞ்சும். அதாவது ஃபுல் எச்டி என்று வாங்கிய புது லேப்டாப்பில், 150% வைத்த பிறகு, எக்செல் வரிசைகள் முன்பைவிடச் சில குறைவாகத்தான் தெரியும். இது ஏமாற்று வேலை இல்லை. திரையின் அங்குலம் மாறவில்லை, எழுத்து பெரிதாகியிருக்கிறது, ஆகவே குறைவாகத்தான் கொள்ளும். பிக்சல் கூடினால் எழுத்து தெளியும். இடம் வேண்டுமென்றால் அங்குலம்தான் கூட வேண்டும்.

இடப் பற்றாக்குறையால் பட்ட பாட்டுக்கு ஒரு வரலாறே உண்டு. தைவானின் ஏசஸ் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த ஈ பிசி 701இன் திரை 7 அங்குலம், 800×480 பிக்சல். பின்னால் வந்த நெட்புக்குகளில் 10 அங்குலத்தில் 1024×600 வழக்கமாயிற்று. அப்போதைய பல மென்பொருள்களின் பெட்டிகள் குறைந்தது 768 உயரம் இருக்கும் என்று நம்பி வரையப்பட்டவை. பெட்டி திறக்கும், அதன் அடியில் இருக்கும் ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழே, கண்ணுக்கெட்டாத இடத்தில் இருக்கும். 2012இல் வந்த விண்டோஸ் 8, தன் ஸ்டோர் செயலிகளுக்குக் குறைந்தது 1024×768 வேண்டும் என்றது. 600 உயரத் திரை வைத்திருந்தவர்களுக்கு அவை திறக்கவே இல்லை. விண்டோஸ் 11 கேட்பது 9 அங்குலத்துக்கு மேற்பட்ட, 720 வரிசை உள்ள திரை.

1366 என்ற விநோத எண்ணும் இந்தக் காலத்ததுதான். 768 உயரத்துக்கு 16:9 விகிதத்தில் அகலம் கணக்கிட்டால் 1365.33 வரும், அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினார்கள். இந்த அளவு ஒரு தலைமுறையையே ஆண்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்கு முதல் கணினியாக வந்தவற்றிலும் பல இந்த அளவுத் திரை கொண்டவையே. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு ஸ்கேல் 100%தான் சரி. அங்கே 125% வைத்தால் 1093×614 ஆகச் சுருங்கி, பழைய நெட்புக் தொல்லை திரும்பிவிடும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் மொத்தத் திரையையும் பெரிதாக்காமல், படிக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக்குங்கள். பிரவுசரில் கண்ட்ரோல் விசையோடு பிளஸ் தட்டினால் பெரிதாகும், மைனஸ் தட்டினால் சிறிதாகும், பூஜ்யம் தட்டினால் பழைய நிலைக்கு வரும். எந்தத் தளத்துக்கு எந்த அளவு வைத்தீர்கள் என்பதைக் குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் அக்சசிபிலிட்டி பகுதியில் எழுத்தின் அளவை மட்டும் 225% வரை கூட்டும் வசதியும் இருக்கிறது. மெனுவில் உள்ள எழுத்து மட்டும் சிறிது என்று தோன்றுகிறவர்களுக்கு அது போதும்.

விண்ணப்பம் நிரப்பும்போது ‘சப்மிட்’ பட்டன் கீழே ஒளிந்துகொண்டால், பிரவுசரில் கண்ட்ரோல்–மைனஸ் ஓரிரு முறை தட்டுங்கள். மென்பொருள் பெட்டி என்றால் என்டர் விசையே பெரும்பாலும் ‘ஓகே’க்குச் சமம். அதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்கேலை ஒரு நிமிடம் 100%க்கு இறக்கி, வேலையை முடித்து, மீண்டும் ஏற்றுங்கள்.

உயரத்தை மிச்சப்படுத்த வேறு வழிகளும் உண்டு. வேர்டிலும் எக்செலிலும் மேலே அகலமாக உட்கார்ந்திருக்கும் பட்டையை கண்ட்ரோல்–எஃப்1 மடக்கிவிடும். சிறிய திரையில் சில வரிகள் உடனே கூடுதலாகக் கிடைக்கும். எஃப்11 பிரவுசரை முழுத்திரை ஆக்கும். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைக்கலாம். எட்ஜ், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் டேப்களை இடது ஓரத்துக்கு மாற்றலாம். அகலத் திரையில் பக்கவாட்டில் இடம் மிஞ்சத்தானே செய்கிறது.

ஸ்கேலிங்கைச் சரியாக வைத்த பிறகும் ஒன்றிரண்டு மென்பொருள்கள் மட்டும் மங்கலாகத் தெரியலாம். பழைய கணக்கு மென்பொருள், அலுவலகத்தில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் போன்றவற்றில் இது சகஜம். அவற்றுக்கு ஸ்கேலிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எல்லாத் திரையும் 96 பிக்சல்தான் என்று நம்பி வரைகின்றன. அந்தப் படத்தை விண்டோஸ் எடுத்து இழுக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால் முழுத் திரைக்கும் நேர்வது இங்கே அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் நேர்கிறது. அதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பேட்டிபிலிட்டி டேபில் ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, கீழே ‘ஓவர்ரைடு’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ தேர்ந்தெடுங்கள். 2017இலிருந்து விண்டோஸ் 10இல் உள்ள இந்த வசதி, பல பழைய மென்பொருள்களின் எழுத்தைப் பெரிதாகவும் கூர்மையாகவும் வரைந்து தருகிறது. ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூர்மையாக இருக்கும், ஆனால் பொடியாகிவிடும்.

மேக் வேறு பாதையில் போகிறது. 2012இல் வந்த 13 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோவின் திரை 2560×1600. அதை 1280×800 போலக் காட்டியது. ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைவாக்கில் இரண்டு, நெடுவாக்கில் இரண்டு என்று நான்கு பிக்சல் கிடைப்பதால் பின்னம் விழாது. இடம் கூடுதலாக வேண்டும் என்று 1680×1050ஐத் தேர்ந்தெடுத்தால், முதலில் 3360×2100 அளவில் பெரிதாக வரைந்து, பிறகு அதைத் திரைக்குள் சுருக்கும். பெரியதைச் சுருக்குவதில் இழப்பு குறைவு. சிறியதை இழுப்பதில்தான் அதிகம். லினக்ஸில் 200% எப்போதும் நன்றாக இருக்கும். 125, 150 போன்றவை அதன் புதிய திரை அமைப்பான வேலாண்டில் கடந்த சில ஆண்டுகளில்தான் உருப்படியாகியிருக்கின்றன. பழைய கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எழுத்துருவின் அளவை மட்டும் கூட்டிக்கொள்வது தொல்லையில்லாத வழி. குரோம்புக்கில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி பிளஸ் அல்லது மைனஸ் தட்டினால் மொத்தத் திரையும் மாறும்.

ஆசிரியர்களுக்கும் கருத்தரங்குகளில் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்து ‘டூப்ளிகேட்’ வைத்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனுக்கு விண்டோஸ் இறங்கிவிடும். 1024×768 புரொஜெக்டராக இருந்தால் உங்கள் திரையும் அந்த அளவுக்கு மங்கும். லேப்டாப் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வயரைக் கழற்றியதும் பழைய நிலைக்கு வர வேண்டும், வராவிட்டால் ரெசல்யூஷன் பட்டியலில் ‘ரெகமெண்டட்’ என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் திரையின் சொந்த அளவு. விண்டோஸ் விசையோடு ‘பி’ தட்டி ‘எக்ஸ்டெண்ட்’ வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது. வீட்டில் 24 அங்குல மானிட்டர் இணைப்பவர்கள் அதற்கு 100%, லேப்டாப்புக்கு 125% அல்லது 150% என்று தனித்தனியாக வைக்கலாம்; விண்டோஸ் இரண்டையும் ஏற்கும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, சாதாரணக் கூர்மையுள்ள கண் அங்குலத்துக்குச் சுமார் 175 பிக்சல் வரை பிரித்தறியும். 14 அங்குல ஃபுல் எச்டி அதற்கு வெகு பக்கத்தில் வந்துவிடுகிறது. 13.3 அங்குலத்தில் 4கே என்றால் அங்குலத்துக்கு 330 பிக்சல். அந்தக் கூடுதலைக் கண் பெரிதாக அனுபவிக்காது, பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். 15.6 அங்குலத்தில் 1366×768 இன்றும் விலை மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அங்குலத்துக்கு 100 பிக்சல்தான், தமிழ் எழுத்து அதில் பிழைக்காது. 11.6 அங்குலத்தில் அதே 1366×768 என்றால் 135 பிக்சல், பரவாயில்லை. பணம் கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 14 அங்குலத்தில் 1920×1200 வாங்குங்கள். 16:10 விகிதம் என்பதால் திரை 1.4 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். 150% ஸ்கேலிலும் 1280×800 மிஞ்சும். சிறிய லேப்டாப்பில் அந்த உயரத்தைப் போல உதவும் வசதி வேறில்லை.

கடையில் திரையைப் பார்க்கும்போது விளம்பர வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஸ்கேலை 125%, 150% என்று மாற்றி மாற்றி, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து ஒரு பத்தி படித்துப் பாருங்கள். ‘ண’வும் ‘ன’வும் சிரமமில்லாமல் பிரிந்து தெரிந்தால் அந்தத் திரையை வாங்கலாம்.